மண்ணை ஆராய விரும்பும் மகளுக்குப் பாறைப் படிப்பு எதற்கு?

மதிப்பிற்குரிய ஐயா,

மண்வளம் கெடுவதையும் மணல் பரவுவதையும் ஆராய விரும்பும் தங்கள் மகள், வேளாண்மையை விட்டுவிட்டு நிலவியல் பட்டப்படிப்பைக் கேட்பது ஏன் என்று வினவியிருந்தீர்கள். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தங்கள் தூத்துக்குடி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரி எனப்படும் செந்நிற மணல்மேடுகள். இரண்டும் மழை குறைந்த பகுதிகளே. ஆனால் கரிசலில், ஈரம்பட்டால் வீங்கிக் காய்ந்தால் வெடிக்கும் களிமண் நிறைந்திருப்பதால் காற்று அதை எளிதில் கிளப்ப முடிவதில்லை. அங்கே மேல்மண்ணை அரித்துச் செல்வது பெரும்பாலும் மழைநீர்தான். தேரியிலோ குவார்ட்ஸ் என்னும் கடினமான, வெளிறிய கனிமத்தின் மணல் மிகுதி. அதனுடன் இல்மனைட், கார்னெட் போன்ற கனத்த கனிமங்கள் கலந்திருக்க, மணல்மணிகளைப் பிணைக்கும் களிமண்ணும் மட்கும் குறைவாக இருக்கின்றன. எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வறண்டு வீசும் காற்றுக்கு மணல் நகர்ந்துகொடுக்கிறது. பனையும் முந்திரியும் வேரூன்றிய இடங்களில் மட்டுமே அது அடங்கிக் கிடக்கிறது. தேரி மணலை அமிலத்திலிட்டுச் சூடாக்கினால், மேலே படிந்த இரும்பு ஆக்சைடு கரைந்து வெளிறிய குவார்ட்ஸ் மணி வெளிப்படும். அந்தச் செம்மையும் தாய்ப்பாறை தந்த கனிமங்கள் சிதைந்து உண்டானதே. எந்தப் பாறை சிதைந்து எந்த மண் ஆயிற்று என்று அறியாமல், அது எவ்வாறு கெடும் என்று கணிப்பது கடினம்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இளநிலையோடு நிறுத்துவதானால் இந்தப் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்திலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் சேர, மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வை எழுத வேண்டும். அதற்கு முதுநிலைப் பட்டம் தேவை. ஐஐடிகளில் முதுநிலை படிக்க ஜாம் எனப்படும் நுழைவுத் தேர்வு இருக்கிறது. பயிரும் உரமும் சார்ந்த ஆர்வமே அவருக்கு மிகுதி என்றால், வேளாண்மைப் பட்டத்துக்குப் பின் மண்ணியலில் முதுநிலை பயில்வதே பொருத்தம். ஜோத்பூரின் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், நாகபுரியின் தேசிய மண் ஆய்வுப் பணியகம் போன்றவற்றின் அறிவியலாளர் பணிகளுக்கு அதுவே நேர்வழி. இதை முடிவுசெய்ய வேண்டியவர் அவர்தான்.

வெயிலில் கள ஆய்வுக்குச் செல்ல வேண்டியிருக்குமே என்ற தங்கள் கவலை புரிகிறது. ஆனால் களமின்றி இந்தத் துறை இல்லை, பெண்கள் பலர் இதில் பணிபுரிந்தும் வருகின்றனர். விண்ணப்பிக்கும் முன் கல்லூரிக்கு நேரில் சென்று, பாறைச் சீவல்களைப் பார்க்கும் நுண்ணோக்கிகள் மாணவர்களின் கைக்கு எட்டுகின்றனவா, ஆண்டுதோறும் களப்பயணம் உண்டா என்று கேளுங்கள். கட்டடத்தின் பகட்டைப் பார்த்துச் சேர்க்க வேண்டாம்.