கம்பெனிப் பணத்தில் நோயாளிக்கான ஆராய்ச்சி: நம்ம ஏரியாக்காரர்கள் கேட்டதும் என் பதிலும்

நம்ம வடசென்னை ஆலை ஒன்று மூச்சு நோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டதிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் முன்பு ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (லாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குச் செலவழிக்கும்) பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் (ஆராய்ச்சியில் சேருகிறவர்களுக்குப் பாதகம் வராமல் பார்த்து அனுமதி கொடுக்கும் குழு), டாக்டர் அல்லாத பொது உறுப்பினராக உட்கார்கிறேன். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

அக்கா, அந்த ரெண்டு சதவீதப் பணம் பள்ளிக்கூடம், கழிப்பறை கட்டத்தானே? ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா? (தண்டையார்பேட்டை)

கொடுக்கலாம் தம்பி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் எதையாவது ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி, முந்தைய 3 வருட லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழித்தாக வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று 7-வது அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. அதில் மருத்துவ வசதியும் உண்டு, மருத்துவ ஆராய்ச்சியும் உண்டு. ஆனால் ஆராய்ச்சிக்கென்று பட்டியலில் இருக்கும் அம்சம், அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) மாதிரியான அமைப்புகள், அரசு நிதி பெறும் ஆராய்ச்சித் திட்டங்கள் இவற்றுக்குத்தான். யாரோ தன் இஷ்டத்துக்கு நடத்துகிற ஆய்வு அதில் வராது.

மருந்து கம்பெனி இந்தப் பணத்தில் தன் மருந்தையே சோதிக்கலாமா? (ராயபுரம்)

கூடாது. கம்பெனி வழக்கமாகச் செய்யும் தொழில் சி.எஸ்.ஆர். கணக்கில் வராது. கொரோனா தடுப்பூசி, மருந்து, கருவி ஆராய்ச்சிக்கு மட்டும் 2020-21 முதல் 2022-23 வரை சில நிபந்தனைகளோடு விலக்கு கொடுத்தார்கள்.

புகையை விடுவதும் அவர்கள், நுரையீரல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதும் அவர்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது இல்லையா இது? (மணலி)

இந்தக் கோபம் எனக்கும் உண்டு அண்ணா. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். வேறொரு சட்டப்படி கம்பெனி செய்தே ஆக வேண்டிய வேலையை சி.எஸ்.ஆர். செலவாகக் காட்டக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. புகைபோக்கியில் வடிகட்டி போடுவதும் கழிவு நீரைச் சுத்திகரிப்பதும் அவர்கள் கடமை, அதற்கான செலவு தனி. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததால் அந்தக் கடமை ஒரு பைசாகூடக் குறையாது. அதைச் சொல்லி யாராவது வாயை அடைக்க வந்தால் விடாதீர்கள்.

அதற்காகப் பணமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இருமலோடு படுத்திருக்கிறவர்கள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். வாங்கட்டும், ஆனால் எழுத்தில் சில உறுதிகள் வேண்டும். என்ன ஆராய்வது, எப்படி ஆராய்வது என்பதில் கம்பெனிக்குக் குரல் இருக்கக் கூடாது. முடிவு அவர்களுக்குப் பாதகமாக வந்தாலும் வெளியிட வேண்டும். வெளியிடும் முன் கம்பெனியின் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

"நோயாளியை மையமாக வைத்த ஆராய்ச்சி" என்கிறார்களே, எல்லா ஆராய்ச்சியும் நோயாளிக்குத்தானே? (வியாசர்பாடி)

கேட்டால் அப்படித்தான் தோன்றும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மூச்சிரைப்பை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு கேள்வித்தாள் உண்டு, அதில் ஒரு படி: "சமதரையில் வேகமாக நடக்கும்போதோ சிறு மேட்டில் ஏறும்போதோ மூச்சு வாங்குகிறதா?" இதைத் தமிழில் எழுதி, கொருக்குப்பேட்டையில் ஒரு அம்மாவிடம் கேட்டார்கள். அவர் திருப்பிக் கேட்டார், "இங்க ஏதும்மா மேடு?" உண்மைதானே, வடசென்னை தட்டையான ஊர், நமக்குத் தெரிந்த மேடு மேம்பாலம்தான். அப்புறம் அவரே சொன்னார்: "லாரித் தண்ணி பிடிச்சு ரெண்டாவது மாடிக்கு ஏறுறேன், முன்னாடியெல்லாம் ஒரே மூச்சு, இப்ப முதல் மாடித் திருப்பத்துல குடத்தை இறக்கி வெச்சுட்டு நிக்கிறேன்." அந்த அம்மாவின் நோய் அந்தத் திருப்பத்தில்தான் தெரிகிறது. கருவியில் ஊதி வரும் எண்ணும் தேவைதான், ஆனால் சிகிச்சைக்குப் பிறகு அவர் குடத்தை இறக்காமல் மேலே போகிறாரா என்று கேட்கிற ஆராய்ச்சியைத்தான் நோயாளியை மையமாக வைத்தது என்பேன்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) எடுத்துக்கொண்ட முதல் கேள்வியே அதுதான்: காசநோய்க்காரரை சானடோரியத்தில்தான் (அவர்களைத் தங்கவைக்கும் தனி மருத்துவமனை) வைக்க வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா? பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்த்தார்கள், பாதிப் பேருக்கு நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடுதான் ஒரு வருடம் சிகிச்சை. 1959-ல் முடிவு வெளிவந்தது: குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட வசித்த குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை என்று தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது. சென்னையின் ஏழைகளிடம் கேட்ட இந்தக் கேள்வியால் உலகமே காசநோய் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுபோனது. தாம்பரம் சானடோரியம் என்று ஸ்டேஷன் பெயராக நிற்கிறதே, அந்தக் காலத்து மிச்சம் அது.

எங்கப்பாவை ஆராய்ச்சியில் சேரச் சொல்லிக் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா, பயமாக இருக்கிறது. (காசிமேடு)

பயப்பட வேண்டாம்மா, அவசரமும் வேண்டாம். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்கக் கேளுங்கள், தமிழில்தான் தர வேண்டும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் ஆராய்ச்சியில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் முழுக்கப் படித்துக் காட்டி, அதன் பிறகுதான் கைரேகை வாங்க வேண்டும். ஒரு பிரதி உங்களுக்கு. சேர மறுத்தாலோ பாதியில் விலகினாலோ வழக்கமான சிகிச்சையில் கை வைக்கக் கூடாது. ஆராய்ச்சியால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியம் இலவசம், நஷ்டஈடும் உண்டு. வந்து போகும் செலவையும் அன்றைய கூலி இழப்பையும் ஈடுகட்ட ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலில் இடமிருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். விடிகாலை மீன் ஏலத்துக்குப் போகிறவரைக் காலை 8 மணிக்கு வரச் சொன்னால் அன்றைய பிழைப்பு போச்சு.

எங்கள் குழுவுக்கு ஒருமுறை 11 பக்கப் படிவம் வந்தது. "நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்ற வரி 9-ம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினோம், கொண்டுவந்த பிறகுதான் அனுமதி.

ஒரு வருடத்தில் பணம் நின்றுபோனால்? (திருவொற்றியூர்)

தொடர் திட்டம் என்று முதலிலேயே அறிவித்தால், தொடங்கிய வருடம் போக இன்னும் 3 வருடம் வரை கொண்டுபோகலாம். செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் போட வேண்டும். எந்தத் திட்டங்களுக்கு ஒப்புதல் என்பதைக் கம்பெனி தன் இணையதளத்தில் போட வேண்டும் என்பது விதி, போய்ப் பாருங்கள். ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது, மனு எழுதும்போது அந்த வரியைக் குறிப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு என்ன கண்டுபிடித்தார்கள் என்று எங்களிடம் வந்து யார் சொல்வார்கள்? (எண்ணூர்)

என்னை ரொம்ப நாளாக உறுத்துகிற கேள்வி இது. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு திட்டம், 2 வருடம் ஜனங்கள் மாதாமாதம் வந்து குழாயில் ஊதிவிட்டுப் போனார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது, கம்பெனிக்குப் போனது, ஊதினவர்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. அதில் ஒரு பெரியவர் என்னை மார்க்கெட்டில் நிறுத்தி, "என் மூச்சு என்னாச்சுன்னு சொல்லவே இல்லையேம்மா" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் முடிவை ஜனங்களிடம் வந்து சொல்வோம் என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். சமுதாயக் கூட வாடகை, மைக், டீ, தமிழில் ஒரு பக்க நோட்டீஸ், பெரிய செலவே இல்லை. இப்போது எந்தத் திட்டம் எங்கள் குழுவுக்கு வந்தாலும் பட்ஜெட் பக்கத்தைத் திறந்து இந்தச் செலவு இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.