ஒரே சாவி கையில் இருக்கும்போதே இரண்டாவதைச் செய்துவிடுங்கள்

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன். விற்றவர் ஒரு சாவிதான் கொடுத்தார். இணையத்தில் அதே போன்ற சாவியை வாங்கி, அலகை வெட்டிக்கொண்டேன். கதவு திறக்கிறது, ஆனால் இன்ஜின் கிளம்பி இரண்டு விநாடியில் அணைந்துவிடுகிறது. இதை நானே புரோகிராம் செய்யலாமா? ரிமோட் ஸ்டார்ட் வசதியும் வேண்டும். அதைப் பொருத்துபவர், "இன்னொரு சாவியைக் கொடுங்கள், உள்ளே வைத்து முடித்துவிடுகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சாவி விஷயத்தை முடிப்போம்.

உங்கள் கையில் இருப்பது ஒரே பொருள் போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. பூட்டைத் திருப்பும் உலோக அலகு, கதவைத் திறக்கும் ரிமோட் பட்டன், கண்ணுக்குத் தெரியாத சிறு சிப். இந்தச் சிப்புக்கு பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அனுப்பும் காந்த அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு, கார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்கிறது. பதில் தவறினால் இம்மொபைலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு இன்ஜினை நிறுத்திவிடும். உங்கள் கார் இரண்டு விநாடியில் அணைவது பழுதல்ல, காவலாளி தன் வேலையைச் செய்கிறான். ரிமோட் பேட்டரியை மாற்றிப் பார்க்காதீர்கள். பாதிப் பேர் அதைச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

நானே செய்யலாமா என்ற கேள்விக்கு உங்கள் நிலையில் பதில், பெரும்பாலும் முடியாது என்பதுதான். சில கார்களில் ஏற்கெனவே பதிந்த இரண்டு சாவிகளை அடுத்தடுத்துப் போட்டுத் திருப்பி, சில விநாடிகளுக்குள் மூன்றாவதைச் செருகினால் அது தானாகப் பதிந்துவிடும். இரண்டு கேட்பதற்குக் காரணம் உண்டு: வண்டியை நிறுத்தித் தரும் ஆள் கையில் ஒரு சாவி கிடைத்ததும் இன்னொன்று செய்துகொள்ளக் கூடாது. நியாயம்தான். ஆனால் ஒரு சாவியோடு நிற்கும் இரண்டாவது உரிமையாளருக்கு இந்த நியாயம் ஒரு சுவர். அவருக்கு வேறு வழி வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்குத் தோன்றவே இல்லை.

வேறு சில பழைய கார்களில், எச்சரிக்கை விளக்கு அணையும்வரை சாவியை ஆன் நிலையில் பத்து நிமிடம் வைத்து, மூன்று முறை திரும்பச் செய்யும் முறை ஒன்று உண்டு. வீடியோக்களில் இதைக் காட்டுபவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: இந்த முறை முன்பு பதிந்த சாவிகளை எல்லாம் அழித்துவிடும். புதிய சாவி ஓடும், பழையது செத்துப்போகும். மற்ற பெரும்பாலான கார்களுக்கு ஸ்டீயரிங்கின் கீழே உள்ள சாக்கெட்டில் சாவி பதியும் கருவியை மாட்டித்தான் ஆக வேண்டும்; பலவற்றில் அந்தக் காருக்கே உரிய ரகசிய எண்ணையும் கொடுக்க வேண்டும்.

இனி, நீங்கள் இணையத்தில் வாங்கிய சாவி. அது புதிய சிப்பா, வேறொரு காரில் ஏற்கெனவே பதிந்ததா என்று விற்றவரிடம் கேளுங்கள். பல சிப்புகள் முதல் காரோடு பூட்டிக்கொண்டுவிடும். பிறகு வேறு எந்தக் காருக்கும் உதவாது. ரிமோட்டின் அலைவரிசையும் ஒரு தொல்லை. 315 மெகாஹெர்ட்ஸ், 433 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வகைகள் ஒரே மேலோட்டில் வரும். தோற்றத்தை நம்பாமல் பழைய சாவியின் உள்ளே அச்சடித்திருக்கும் எண்ணை ஒப்பிடுங்கள்.

சாவி போடுபவர் வேலையைத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் காரின் நினைவில் எத்தனை சாவிகள் இருக்கின்றன?" பல கருவிகள் அதைக் காட்டும். மூன்று என்று காட்டி உங்களிடம் ஒன்றே இருந்தால், மற்ற இரண்டும் உங்கள் காரைக் கிளப்பக்கூடிய நிலையில் எங்கோ இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்து, கையில் உள்ளவற்றை மட்டும் மீண்டும் பதியச் சொல்லுங்கள். முடிந்ததும் எண்ணிக்கையை மறுபடி பாருங்கள். இரண்டு சாவிகளை மட்டும் பதிந்தும் மூன்று என்று காட்டினால் அங்கேயே நின்று பேசுங்கள். பெட்டியோடு வந்து, ஐந்து நிமிடத்தில் முடித்து, திரையைக் காட்டாமல் மடக்கிக்கொண்டு போகிறவரிடம் இதைக் கேட்டால் முகம் மாறும். மாறட்டும். ரகசிய எண்ணை அவர் எடுத்திருந்தால் அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலர் பதியாமல், பழைய சிப்பின் அடையாளத்தையே புதியதில் நகலெடுத்துத் தருவார்கள். ஓடும். ஆனால் காருக்கு இரண்டும் ஒன்றே. ஒன்று தொலைந்தால் அதை மட்டும் தனியாக அழிக்க முடியாது. 'கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும்' என்று சொல்லும் கூட்டமும் உண்டு. ஓடும் சாவி ஒன்று உங்களிடம் இருக்கும்போது அப்படிச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அந்த ஒன்றும் தொலைந்த பிறகுதான் வேலை கடினமாகிறது, அதனால்தான் இப்போதே செய்துவிடச் சொல்கிறேன். வேலை நடக்கும்போது கார் பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கிறாரா என்றும் பாருங்கள். பாதியில் மின்னழுத்தம் விழுந்தால் பதிவு கெடும்.

இனி ரிமோட் ஸ்டார்ட். உள்ளே யாரும் இல்லை, சாவியும் இல்லை, ஆனாலும் காவலாளியின் கேள்விக்குப் பதில் வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, காரின் தகவல் கம்பிகளில் இணைந்து பதிலைக் கற்றுக்கொள்ளும் சிறு பெட்டி. மற்றது, உங்கள் ஆள் சொல்வது: உண்மையான சாவியை டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைப்பது. அதில் ரிலே என்ற மின் சுவிட்ச் வைத்து, ரிமோட் அழுத்தும்போது மட்டும் சிப் பேசும்படி செய்தால்கூடத் திருடன் கைக்கு எட்டும் இடத்தில் உங்கள் சாவி கிடக்கிறது. ஆனால் பலர் ரிலேக்குக்கூடச் செலவழிப்பதில்லை. சிப்பைச் சாவித் துளை அருகே டேப் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள். அன்றிலிருந்து காவலாளி நிரந்தரமாகத் தூங்குகிறான். சந்தேகம் இருந்தால் சிப் இல்லாத வெறும் உலோகச் சாவி ஒன்றை வெட்டிப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் தொடர்ந்து ஓடினால் உங்கள் இம்மொபைலைசர் பெயருக்குத்தான் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் இதைக் கண்டுபிடித்தால் என்ன சொல்லும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் காரில் கியர் கையால் மாற்றுவதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கியரில் நிற்கும் காரை ரிமோட்டில் கிளப்பினால் அது முன்னே பாயும். எதிரே சுவர் இருக்கலாம், குழந்தை இருக்கலாம். இதைத் தடுக்க ஒழுங்கான கருவிகள் ஒரு சடங்கு கேட்கும்: இன்ஜின் ஓடும்போதே நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு இறங்கிக் கதவைச் சாத்த வேண்டும்; அதன் பிறகே கருவி இன்ஜினை அணைக்கும். கிளட்ச் மிதிக்காமல் ஓடியபடி நின்றதே நியூட்ரலுக்குச் சாட்சி. பிறகு கதவு ஒருமுறை திறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் ரத்தாக வேண்டும், ஏனென்றால் உள்ளே போனவர் கியரைத் தட்டியிருக்கலாம். "இந்தத் தொல்லை எதற்கு, எடுத்துவிடுகிறேன்" என்று பொருத்துபவர் சொன்னால், அந்த ஆளை எடுத்துவிடுங்கள்.

கியர் எதுவானாலும், பானட் திறந்திருக்கும்போது இன்ஜின் கிளம்பாமல் தடுக்கும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். மூடிய கேரேஜுக்குள் ரிமோட்டில் கிளப்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உங்கள் காரிலேயே தயாரிப்பாளர் இந்த வசதியை வைத்து மென்பொருளால் அடைத்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். சில தயாரிப்பாளர்கள் காரில் உள்ள வசதியையே சந்தாவுக்கு விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் கம்பி வெட்டாத வழி அதுதான்.

கடைசியாக, வரிசை மாறக் கூடாது. சாவிகளை அழித்துப் பதியும் வேலை முதலில், ரிமோட் ஸ்டார்ட் அதன் பிறகு. மாற்றிச் செய்தால், சாவிகளை அழிக்கும்போது அந்தச் சிறு பெட்டியும் காருக்கு அந்நியமாகிவிடலாம். அப்புறம் சாவி போட்டவர் ரிமோட் பொருத்தியவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார், நீங்கள் இரண்டு பேருக்கும் மறுபடி கூலி கொடுப்பீர்கள்.