டீசலில் தண்ணீர் கலந்த பிறகு லாரி ஐடிலிங்கில் குலுங்குவது ஏன்?

டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது டீசல் ஊற்றியும் ஐடிலிங்கில் குலுங்குகிறது, ஓட்டும்போது பரவாயில்லை என்கிறீர்கள். ஐடிலிங்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் மிகக் கொஞ்சம், அதனால் ஒரு இன்ஜெக்டர் சற்றுக் கூடக்குறையத் தெளித்தாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

உடனே இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டாம். வாட்டர் செபரேட்டரின் அடித்திருகைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள், தண்ணீர் மிச்சமிருந்தால் அடியில் தனியாக நிற்கும். பாட்டில் சுத்தம் என்றால் அடுத்த சந்தேகம் டீசல் லைனில் சிக்கிய காற்று. ஃபில்டர் மாற்றியபின் ஹேண்ட் பம்பைக் கெட்டியாகும்வரை அடித்தார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

அதுவும் சரி என்றால், அப்புறம் ரிட்டர்ன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு இன்ஜெக்டரும் தெளிக்காமல் திருப்பி அனுப்பும் டீசலை ஒப்பிட்டுப் பார்ப்பது. வெளியே ரிட்டர்ன் ஹோஸ் உள்ள இன்ஜினில் அவற்றைத் தனித்தனி பாட்டிலில் விட்டு ஓடவிட்டால், தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மற்றதைவிடச் சீக்கிரம் நிறையும். பழைய வண்டிப் பழக்கத்தில், இன்ஜின் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்க மட்டும் தயவுசெய்து யாரையும் விடாதீர்கள். காமன் ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஹைபிரஷர் டீசல் குழாயில், ஐடிலிங்கிலேயே சில நூறு பார் அழுத்தம் இருக்கும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத்தூள் இருந்தால் ஹைபிரஷர் பம்பே அரைபட்டிருக்கலாம், தூள் ரிட்டர்ன் வழியாக டேங்குக்கும் போயிருக்கும், அந்த நிலையில் ஒரு இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் புதியதும் கெடும்.