பதில்: ஆலய வேலையை விட்டுவிடலாமா?

சகோதரி, ஸ்தோத்திரம். வருடக்கணக்காக ஆலயம் பெருக்கி, திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவியும் ஆண்டுவிழா நன்றியுரையில் உங்கள் பெயர் விட்டுப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வருத்தம் நியாயமானதுதான், பெருமை இல்லை.

வேதத்தில் ரோமர் 16ஐ, அதாவது பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) கடைசி அதிகாரத்தை, நிதானமாக வாசியுங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலர் தாண்டிப்போகும் அதிகாரம். அதில் பவுல் வாழ்த்துச் சொல்லும் பெர்சியாள் என்ற பெண் கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்டாள். அவளைப் பற்றி வேதத்தில் வேறெதுவும் இல்லை. பவுலின் நிருபம் என்கிறோமே, அவர் சொல்லச் சொல்ல அதைக் கையால் எழுதிய தெர்தியு 22ஆம் வசனத்தில் மட்டும்தான் வருகிறான். எனக்கு மிகப் பிடித்த வசனம் அது.

அப்புறம், மனவருத்தம் வேறு, உடல் களைப்பு வேறு. தனியாக முடியவில்லை என்றால் சபைப் போதகர் ஐயரிடம் சொல்லி வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு பேரைக் கேளுங்கள். பெருக்குவதை அவர்களிடம் கொடுத்துவிட்டு, பாத்திரங்களை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.