பெரிய இன்ஜினியரிங் கன்சல்டன்சி ஆஃபர், ரிவ்யூ படிச்சு பயந்துபோன அப்பாவுக்கு

வணக்கம் சார், உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணுக்கு சிவில் முடிச்ச கையோட பெரிய கன்சல்டிங் கம்பெனில ஆஃபர் வந்திருக்கு, ஆனா அங்க வேலை பார்த்தவங்க எழுதுனத படிச்சதுல இருந்து உங்களுக்கு தூக்கம் வரல. ஒருத்தர் தங்கமான இடம்ங்கிறார், இன்னொருத்தர் விட்டா போதும்னு வெளிய வந்தேங்கிறார், யாரை நம்புறதுன்னு கேக்குறீங்க.

ரெண்டு பேரையும் நம்பலாம் சார். கம்பெனில ஆயிரக்கணக்குல ஆள் இருந்தாலும் உங்க பொண்ணு தினமும் முகம் பார்த்து வேலை செய்யப்போறது ஒரு சின்ன டீம்ல. அந்த டீம் லீடு எப்படி, கையில என்ன ப்ராஜெக்ட் இருக்கு, இந்த ரெண்டுதான் அவ அனுபவத்த தீர்மானிக்கும்.

ரிவ்யூல திரும்பத் திரும்ப யூட்டிலைசேஷன்னு புலம்புறாங்கல்ல, அதை மட்டும் நீங்க நல்லா புரிஞ்சுக்கணும். கன்சல்டன்சி விக்கிறது ஆளோட நேரத்தை, அதனால ஒவ்வொரு மணி நேரத்தையும் ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் கோடுல டைம்ஷீட்ல போடணும், வாரத்துக்கு 40 மணி நேரத்துல 36 மணி நேரம் கிளையன்ட் வேலைக்கு போட்டா யூட்டிலைசேஷன் 90 சதவீதம். ஜூனியருக்கு இந்த டார்கெட் பொதுவா மேல இருக்கிறவங்கள விட அதிகம். ப்ராஜெக்ட் வேலை இல்லன்னா ஓவர்ஹெட் கோடுல, அதாவது எந்த கிளையன்ட்டும் காசு குடுக்காத கணக்குல போடணும், அது கூடக்கூட மேனேஜர் முகம் மாறும், அதனால சும்மா உக்காராம பக்கத்து டீம்ல போய் வேலை இருக்கான்னு கேக்கப் பழகணும். இன்னொன்னு, ஒரு கால்வெர்ட் (ரோட்டுக்கு அடியில தண்ணி போற சின்ன பாலம்) டிசைனுக்கு 30 மணி நேரம் பட்ஜெட் குடுப்பாங்க, புதுசா வந்த பொண்ணு 45 மணி நேரம் எடுப்பா, திட்டுவாங்களேன்னு மிச்ச 15 மணி நேரத்தை எழுதாம வீட்ல உக்காந்து முடிப்பா. இதை தயவுசெஞ்சு செய்ய விடாதீங்க சார். அவ உழைப்புக்கு கணக்கே இல்லாம போறதோட, அடுத்த ப்ராஜெக்ட்டுக்கும் அதே 30 மணி நேரம்தான் பட்ஜெட் வரும். பாதி நேரம் ஓடினதுமே லீடுகிட்ட போய் இது பத்தாதுன்னு சொல்லிடணும், நல்ல லீடு கோவப்பட மாட்டாங்க.

நல்லதும் நிறைய இருக்கு, நான் இந்த ஆஃபரை வேண்டாம்னு சொல்லவே மாட்டேன். அவ போட்ட கால்குலேஷன இன்னொருத்தர் வரி வரியா செக் பண்ணுவார், இந்த லோடு எங்கிருந்து எடுத்த, இந்த அஸம்ப்ஷன் ஏன்னு சிவப்பு மார்க்கப்போட ட்ராயிங் திரும்பி வரும். முதல்ல அழுகை வரும், ஆனா அந்த ஒழுங்கு ரொம்ப சின்ன இடங்கள்ல சுலபமா கிடைக்காது. பயம் வேற இடத்துல இருக்கு. ரெண்டு வருஷமும் ரீட்டெய்னிங் வால் (மண் சரியாம தாங்குற சுவர்) டிசைன் மட்டுமே போட்டுட்டு, ஒரு தடவை கூட சைட் பார்க்காம போயிடலாம். அதை அவளேதான் வாய் திறந்து கேட்டு மாத்திக்கணும்.

கம்பெனி கைமாறுறதப் பத்தியும் எழுதியிருக்காங்கன்னு சொன்னீங்க. இந்தத் துறைல அது சகஜம், 2014-ல ஏஈகாம் யூஆர்எஸ்ஸ வாங்குச்சு, 2017-ல ஜேக்கப்ஸ் சிஎச்2எம்-ஐ வாங்குச்சு. மாறுறப்போ சாஃப்ட்வேர், பாலிசி, சில சமயம் பாஸ் கூட மாறுவாங்க. 1946-ல ஆரம்பிச்ச ஆரப் மாதிரி ஊழியர்களுக்காக ட்ரஸ்ட் கையில இருக்கிற நிறுவனங்களும் இருக்கு, ஆனா டைம்ஷீட் அங்கயும் உண்டு.

சம்பளம், ஆரம்பத்துல சாஃப்ட்வேர் போன ஃப்ரெண்ட்ஸ விட கம்மியா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, அதை வச்சு வீட்ல ஒப்பிட்டுப் பேசாதீங்க. இன்ஜினியர் லைசென்ஸ், இல்ல இன்ஜினியர்கள் சங்கம் குடுக்குற சார்ட்டர்ட் தகுதி வாங்கினப்புறம்தான் அவ கையெழுத்துக்கு மதிப்பு ஏறும்.

அதனால ஹெச்ஆர்கிட்ட இல்லாம, டீம் லீடுகிட்டயே பத்து நிமிஷம் பேச நேரம் கேக்கச் சொல்லுங்க. எனக்கு வேலை குடுக்கப்போறது யாரு, என் யூட்டிலைசேஷன் டார்கெட் எவ்வளவு, ஓவர்டைமுக்கு காசா லீவா இல்ல ஒண்ணுமில்லையா, முதல் வருஷத்துல சைட்டுக்கு அனுப்புவீங்களா, லைசென்ஸ் பரீட்சை ஃபீஸ் யாரு கட்டுவாங்க, போன தடவை சேர்ந்த ஜூனியர் இப்போ எங்க இருக்காங்க. கடைசி கேள்விக்கு மழுப்பினா அதையும் குறிச்சு வச்சுக்கட்டும். பதிலெல்லாம் வந்ததும் எனக்கு அனுப்புங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அவகிட்டயே நேரா பேசிடுறேன்.