மாட்லின் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்து வருகிறேன். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு ஒருவன் ‘மாட்லின்’ ஆகிவிடுகிறான் என்று வருகிறது. ‘கண்ணீர் மல்கினான்’ என்று எழுதினேன். நண்பர் தவறு என்கிறார். அகராதியோ இயேசுவின் சீடரான மகதலேனா மரியாளின் பெயரிலிருந்து வந்த சொல் என்கிறது. புனிதையின் பெயர் குடிகாரனின் அழுகைக்கு எப்படிப் போனது? கண்ணீர் மிகுந்த என்று பொருள்படும் லேக்ரிமோஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒன்றா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொல்வது சரி. ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்ற சம்பந்தர் தேவாரம் நம் காதில் இருக்கும்வரை அந்தத் தொடரைக் குடிபோதைக்குக் கொடுக்க முடியாது. மாட்லினில் ஏளனம் உண்டு. காரணத்துக்கு மீறி, பார்ப்பவரைக் கூச வைக்கும் அழுகை அது. இழவு வீட்டில் அழுபவரை அப்படிச் சொன்னால் அவமதிப்பு.

மகதலா கலிலேயாக் கடலோரத்து ஊர். அவ்வூர்க்காரி என்பதால் மகதலேனா. லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தபோது ‘க’ உதிர்ந்து மதலேன் ஆனது. ஆங்கிலத்தில் மாடலேன், பிறகு மாட்லின். பின்னாளில் படித்தவர்கள் பெயரின் எழுத்தில் ‘க’வைத் திரும்பச் சேர்த்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அவள் பெயரிலுள்ள கல்லூரிகளில் அந்த எழுத்து இருக்கிறது, ஆனால் சொல்வது இன்றும் மாட்லின் என்றுதான்.

பைபிளில் லூக்கா 7ஆம் அதிகாரத்தில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைக்கும் பெண்ணுக்குப் பெயரே இல்லை. அவளும் மகதலேனாவும் பெத்தானியா ஊர் மரியாளும் ஒருத்தியே என்று 591இல் போப் முதலாம் கிரகோரி பிரசங்கித்தார். கிழக்குத் திருச்சபை அப்படிக் கொள்ளவில்லை. மேற்கில் அது நிலைத்தது. ஓவியர்கள் அவளை அவிழ்ந்த கூந்தலும் அழுத கண்களுமாக வரைந்தார்கள். கத்தோலிக்க நாட்காட்டி மூவரை ஒருத்தியாக்கியதைக் கைவிட 1969 வரை ஆனது. யோவான் 20இல் அவள் அழுகிறாள் என்பது உண்மை. ‘ஸ்திரீயே, ஏன் அழுகிறாய்’ என்ற கேள்வி அவளிடம் கேட்கப்பட்டதுதான். ஆனால் அது கல்லறையில் இயேசுவின் உடலைக் காணாமல் தவித்து நிற்பவளின் அழுகை. அவள் பெயரை இந்தச் சொல்லில் ஏற்றியது அநியாயம் என்றே நினைக்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் ‘மதலேன் போல அழுவது’ என்றால் தாரை தாரையாக அழுவது, அவ்வளவே.

குடிக்கு வருவோம். 1592இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் நாஷ் எட்டு வகைக் குடிகாரர்களை எழுதினார்: குரங்கு, சிங்கம், பன்றி, செம்மறி என்று போகும் வரிசையில் ஐந்தாமவன் மாட்லின். குடிக்கும்போதே பாசம் பொங்கி அழுபவன், முத்தம் கொடுப்பவன். உங்கள் கதையில் வருபவன் இவன்தான்.

லேக்ரிமோஸ் வேறு குடும்பம். லத்தீனில் லாக்ரிமா என்றால் கண்ணீர். அதன் பழைய வடிவம் டாக்ரிமா. கிரேக்கத்தின் டாக்ருவும் ஆங்கிலத்தில் கண்ணீரைக் குறிக்கும் டியரும் அதே வேரில் பிறந்தவை. கண் மருத்துவர்கள் சொல்லும் ‘லாக்ரிமல்’ சுரப்பியும் இந்த வீட்டுப் பிள்ளை. இதில் குடி இல்லை, ஏளனமும் குறைவு.

உங்கள் வாக்கியத்துக்கு ‘மூன்றாவது கோப்பையில் அழுது புலம்ப ஆரம்பித்தான்’ போதும். ஆனால் ஒரு பாட்டை மாட்லின் என்று சொல்லியிருந்தால் ‘உருக்கமான’ என்று போட்டுவிடாதீர்கள், தமிழில் உருக்கம் பாராட்டு. ‘அழுதுவடிகிற பாட்டு’ என்று எழுதுங்கள்.