ஆபரேஷன் ஆன நாய் சாப்பிடவில்லையா? ஊசிக்காரரை வாசலோடு அனுப்புங்கள்

தண்டையார்பேட்டை வாசகி கேட்கிறார்: “எங்கள் இரண்டு வயது பெண் நாய்க்கு நேற்று காலை கருத்தடை ஆபரேஷன் நடந்தது. இன்று மதியம் வரை சோற்றைத் தொடவில்லை. தண்ணீர் குடிக்கிறாள். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து பசி ஊசி போடுகிறேன் என்கிறார். போடலாமா?”

வேண்டாம். மயக்க மருந்தின் குமட்டலும் வயிற்றுத் தையலின் வலியும் சேர்ந்தால் ஒரு நாள் சாப்பாடு பிடிக்காமல் போவது வழக்கம்தான். தண்ணீர் குடித்து, எழுந்து நடந்து, சிறுநீர் கழிக்கிறாள் என்றால் நாளை காலை வரை பொறுக்கலாம். அப்போதும் ஒரு வாய் எடுக்கவில்லையா, ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கொண்டுபோங்கள்.

மாத்திரையைத் தயிர்சோற்றில் ஒளித்து வைத்தீர்களா? பலர் செய்வதுதான். கசப்பு தெரிந்துவிட்டால் அப்புறம் அந்தச் சோற்றையே முகராது. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு புண்ணாகலாம். சாப்பிடாதபோது என்ன செய்வது என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் நம் வலி மாத்திரை எதுவும் கூடாது. தையலை நக்காமல் இருக்கப் போட்ட கழுத்துக் கூம்பு தட்டில் இடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சாப்பிடும் நேரம் மட்டும் கழற்றுங்கள். முள் எடுத்த வேகவைத்த மீன், உப்பும் வெங்காயமும் இல்லாமல், வெதுவெதுப்பாக. வாசனைக்கே வருவாள். பொறை, பிரியாணி மிச்சம் இப்போது வேண்டாம்.

அந்தப் பசி ஊசி பல நேரம் ஸ்டீராய்டு. மறுநாளே தட்டை நக்குவாள், நீங்களும் அவரைக் கைராசிக்காரர் என்பீர்கள். ஆனால் புண் ஆறுவது தள்ளிப்போகும். வலி மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவே வரலாம். கால்நடை மருத்துவம் படிக்காமல் மருந்துப் பையோடு பைக்கில் வரும் இவர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று 1984-லேயே சட்டம் வந்துவிட்டது. யார் பிடிக்கிறார்கள்? ஆபரேஷன் முடித்து அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் இவர்களைத் தேடவே மாட்டார்கள். அதற்குத்தான் எங்கள் கால்நடை மருத்துவத் துறையில் யாருக்கும் நேரமில்லை.

ஒரே ஒரு நிலையில் நாளை வரை காத்திருக்காதீர்கள். வெளியே தையல் அழகாக இருக்கும், உள்ளே ரத்தம் கசியும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறே கறுப்பு. அப்போது கீழ் இமையை இழுத்து உட்பக்கம் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, வயிறு உப்பினாலோ, கூப்பிட்டும் எழவில்லை என்றாலோ மணியைப் பார்க்காமல் ஆட்டோ பிடியுங்கள். ஆபரேஷன் செய்த இடம் மூடியிருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னென்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள், அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.